நூற்றைம்பது மில்லி

மனித குலத்தின் மேலான கவனத்துக்கு: ஆதிமனிதன் முதன்முதலாக ஒரு மரத்தைத் தேடிப்போன நாளிலிருந்து இன்றுவரை, எந்த மேற்பார்வையும் இல்லாமல், கையெழுத்தும் சாட்சியும் இல்லாமல், தான்தோன்றித்தனமாகக் கழிக்கப்பட்டு வந்த சிறுநீர், அடுத்த மாதக் கடைசித் திங்கட்கிழமை காலை ஒன்பது மணி முதல் முறைப்படுத்தப்படும். ஐம்பது வயது தாண்டிய, நீரடைப்பு உள்ள அறுபது ஆண்கள் புதிய மருந்தின் சோதனைக்குத் தேவை. வரலாறு உங்களை அழைக்கிறது. வரும்போது அடையாள அட்டை கொண்டுவரவும்.

சிறுநீரியல் உயர் ஆய்வுக் கழகம் இந்த அறிவிப்பை ஒட்டியிருந்த இடம், பொது மருத்துவமனையின் ஆண்கள் கழிப்பறைச் சுவர். கழகம் தன் வரலாற்றில் யோசித்துச் செய்த காரியம் அது ஒன்றுதான். சாதாரண மனிதன் முதல் வரியைத் தாண்டுமுன் ஜிப்பை இழுத்துக்கொண்டு போய்விடுவான். அடைப்பு உள்ளவன்தான் கடைசிவரை படிக்கும் அளவுக்கு அங்கே நிற்பான்.

பஸ் டிரைவர் அதை நான்கு முறை படித்தார். அச்சகத்தின் பெயரையும் படித்தார். அதற்குப் பிறகும் வரவில்லை.

அவருடைய தடத்தில் ஒரு நடை போய்ச்சேர ஒரு மணி ஐம்பது நிமிடம் ஆகும். ஆறு மாதமாக அவரால் அவ்வளவு நேரம் உட்கார முடியவில்லை. முதலில் பெட்ரோல் பங்கில் நிறுத்தினார். பயணிகள் முணுமுணுத்தார்கள். பிறகு ஒரு மரக்கடை ஓரம் நிறுத்தினார். திட்டினார்கள். ஒரே நடையில் மூன்றாம் தடவை நிறுத்தியபோது பின்னாலிருந்து ஒரு டிபன் பாக்ஸ் பறந்து வந்து அவர் பிடரியில் விழுந்தது. எறிந்தவர் கணக்கு வாத்தியார். குறி தப்பவில்லை.

டிப்போ மேனேஜர் அவரைக் கூப்பிட்டு, தையல் போட்ட பிடரியை ஆதரவாகத் தட்டினார். டிரைவர் அலறினார்.

"இங்க பாருப்பா. வைத்தியம் நடக்குதுன்னு ஏதாவது பெரிய எடத்துலேர்ந்து லெட்டர் கொண்டா. தெருமுனை டாக்டர் லெட்டரெல்லாம் செல்லாது. ரெண்டு மாசம் டைம். இல்லேன்னா பஸ் கழுவுற எடத்துக்குப் போயிடு. அங்க நாள் பூரா தண்ணி சத்தம் கேட்டுக்கிட்டே இருக்கும், உனக்கும் நல்லது."

இருபத்தாறு வருடம் ஸ்டியரிங் பிடித்தவருக்கு வாளியும் துடைப்பமும். தெருமுனை டாக்டர் ஏற்கெனவே ஒரு மாத்திரை கொடுத்திருந்தார். முழு மாத்திரை உடம்புக்குச் சூடு என்பது டிரைவருடைய மனைவியின் தீர்ப்பு. அதனால் அந்த அம்மாள் காய் நறுக்கும் கத்தியால் அதை இரண்டாக வெட்டி, தினம் சாப்பாட்டுக்குப் பிறகு பாதி கொடுத்துவந்தார். அதுவும் பாதி வேலை செய்துவந்தது.

டிரைவர் கழகத்துக்குப் போன் செய்தார். ஆய்வு ஒருங்கிணைப்பாளர் என்று ஒரு பெண்மணி பேசினார். இருநூற்றுப் பன்னிரண்டு கேள்விகள் கேட்டார். அப்பாவின் உயரம் கேட்டார். சின்ன வயதில் நீச்சல் தெரியுமா என்று கேட்டார். கடைசியாக,

"இப்ப ஏதாவது மாத்திரை எடுக்கறீங்களா சார்?"

"ஆமா மேடம், தினம் சாப்பாட்டுக்கு அப்பறம்..."

"நிறுத்துங்க."

"இல்ல மேடம், அதுல கொஞ்சம் தேவலாம்..."

"அதான் சார் பிரச்சினை. இருபத்தெட்டு நாள் நிறுத்தணும். நோய் அதோட சொந்த நிறத்துல நிக்கணும். அப்பத்தானே எங்க மருந்து வந்து அதை அடிச்சா, அடிச்சது நாங்கதான்னு ஊருக்குத் தெரியும்?"

எப்படிச் சாப்பிட்டார், எவ்வளவு சாப்பிட்டார் என்று கேட்கவில்லை. அது இருநூற்றுப் பதின்மூன்றாவது கேள்வி.

நோய் தன் சொந்த நிறத்தை ஒரே வாரத்தில் காட்டியது. கழகம் அனுப்பிய சிறுநீர் நாட்குறிப்பில் ஒவ்வொரு முறையும் நேரம், அளவு, வேகம், மனநிலை என்று நான்கு கட்டம் நிரப்ப வேண்டும். "மூணு பத்து. இருபது மில்லி. சொட்டு. துக்கம்." "நாலு அஞ்சு. பத்து மில்லி. அரைச் சொட்டு. கொலைவெறி." மூன்றாவது வாரம் அவர் குளியலறைச் சுவரில் நெற்றியை மோத ஆரம்பித்தார்.

"ஏங்க, செவுத்துல இடிக்காதீங்க," என்று மனைவி வெளியிலிருந்து கத்தினார். "நான்தான் உங்களைப் போட்டு அடிக்கிறேன்னு பக்கத்து வீட்டுல பேசிக்கறாங்க."

"நீ அடிச்சாலாவது வருமான்னு பாக்கணும் போல இருக்கு."

இந்த வாக்கியத்தை அவர் பின்னால் பலமுறை நினைத்து வருந்தினார்.

திங்கட்கிழமை எட்டரை மணிக்குக் கழகத்தின் வாசலில் நாற்பத்தொரு ஆண்கள் இடுப்பை வளைத்து நின்றிருந்தார்கள். டிரைவர் மனைவியோடு போய்ச் சேர்ந்தார். வாசலில் இருந்த காவலாளியை எல்லோரும் தூண் என்று அழைத்தார்கள். ஆறரை அடி உயரம். கையில் கருங்காலித் தடி. அவருக்குப் பின்னால் புத்தம்புதிய பளிங்குக் கழிப்பறை ஒன்று பெரிய பூட்டோடு பளபளத்தது. கதவில் ஒரு பலகை: "சொட்டு விரயம் தண்டனைக்குரியது."

"அண்ணே, கொஞ்சம் தொறந்து விடுங்களேன்," என்றார் ஒரு தையல்காரர்.

தூண் தடியால் அவர் முழங்காலில் ஒன்று வைத்தார். பிறகு மரியாதையாக விளக்கம் சொன்னார்.

"இந்த கேட்டுக்குள்ள கால வெச்சதும் உங்க வயித்துல இருக்கறது கழகத்தோட சொத்து சார். சொத்தைக் கண்ட எடத்துல விட முடியாது."

பதினைந்து நிமிடம் கழித்து ஒருங்கிணைப்பாளர் மாடியில் தோன்றினார். அறுபது இடங்களில் ஐம்பத்தொன்பது, பரிந்துரைக் கடிதத்தோடு வந்தவர்களால் முந்தின வாரமே நிரம்பிவிட்டன. மீதி ஒரே ஒரு இடம். அதைப் பாரபட்சமில்லாமல் நிரப்ப, உலகம் ஒப்புக்கொண்ட சமவாய்ப்பு முறை கையாளப்படும். இப்படிச் சொல்லிவிட்டு அவர் ஒரு பித்தளை டோக்கனைக் கூட்டத்துக்கு நடுவில் வீசினார்.

நாற்பத்திரண்டு நிரம்பிய மனிதர்கள் ஒரு டோக்கன்மேல் விழுந்தார்கள். யாராலும் நிமிர முடியாததால் எல்லா அடியும் இடுப்புக்குக் கீழேயே விழுந்தது. ஓய்வுபெற்ற தபால்காரர் ஒருவர் இரண்டு பேரைக் குடையால் குத்தினார். பல்செட் ஒன்று காற்றில் பறந்து, எவரோ ஒருவருடைய தோளைக் கவ்வியது. தையல்காரர் டோக்கனை எடுத்துவிட்டார். வாழ்நாளில் ஒரு ஆட்டோக்காரனைக்கூடக் கெட்ட வார்த்தை சொல்லித் திட்டாத நம் டிரைவர், அந்தக் கையை எலும்புவரை கடித்தார்.

"நாயே, கையை விடுடா!"

"டோக்கனை விடு, கையை விடறேன்!"

தூண் நடுநிலையாக இருவரையும் அடித்தார். தையல்காரர்தான் முதலில் மயங்கினார்.

"வாழ்த்துகள் சார்," என்றார் மாடியிலிருந்து ஒருங்கிணைப்பாளர். "முழுக்க முழுக்கத் தன்னார்வத்தோட வந்திருக்கீங்க."

மனைவி வாசலில் நிறுத்தப்பட்டார். ஒரு கண் மூடிய நிலையில் டிரைவர் உள்ளே போனார். குளிரூட்டிய அறை, நீள மேசை. அதன்மேல் தொண்ணூற்று நான்கு பக்க ஒப்புதல் படிவம், பைண்டு செய்து, மூலைகளில் தகரம் அடித்து, அம்மிக்கல் மாதிரி கிடந்தது. ஒருங்கிணைப்பாளர் அதை உரக்க வாசித்தார்.

"பிரிவு பதினேழு. இந்த ஆய்வினால் எனக்கு மரணம் நேர்ந்தால், இருபத்துநாலு மணி நேரத்துக்குள் நானே தொலைபேசியில் கழகத்துக்குத் தெரிவிப்பேன்."

"செத்தவன் எப்படி மேடம் போன் பண்ணுவான்?"

"பெரும்பாலும் பண்றதில்ல சார். அதனாலதான் எங்க பதிவேட்டுல இதுவரைக்கும் ஒரு மரணம்கூட இல்ல."

டிரைவர் அவசரமாகத் தொண்ணூற்று நான்கு கையெழுத்தும் போட்டார். அவருக்கு அப்போது டிப்போ மேனேஜர் கொடுத்த கெடு முடியப்போகும் பதற்றம். அந்த லெட்டர் கிடைத்தால் போதும், மருந்து கிடைத்தால் போதும், ஏன், ஒரு வாளி கிடைத்தால்கூடப் போதும். ஒரு பிரதி முன்னதாகவே சாட்சிக் கையெழுத்துக்காக வாசலில் இருந்த மனைவியிடம் அனுப்பப்பட்டது.

பிறகு இயக்குநர் வந்தார். அவரோடு புள்ளியியலாளர் வந்தார். தூண் கதவை மூடிக்கொண்டு உள்ளே நின்றார். இயக்குநர் ஒரே ஒரு ஆளைப் பார்த்தாலும் கூட்டம் என்றே கருதுபவர். தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"நண்பர்களே! நோயாளிதான் இந்தக் கழகத்தின் இதயம். இதயம் எங்கே இருக்கணும்? உள்ளே இருக்கணும். மூடி இருக்கணும். அதைப் பார்க்க நேர்ந்தால் ஏதோ விபத்து நடந்துவிட்டதுன்னு அர்த்தம். முப்பது ஆண்டுகளாக நான் இந்தத் துறையில் இருக்கிறேன். ஒரு நோயாளியைக்கூடத் தொட்டதில்லை. அவ்வளவு மரியாதை."

மூலையில் நீரோட்டமானி இருந்தது. வெள்ளிப் புனல், கீழே குடுவை, பக்கத்தில் எண்கள் ஓடும் பெட்டி. நான்கு பேர் முன்னிலையில் டிரைவர் புனலுக்கு முன் நிறுத்தப்பட்டார். பத்து நிமிடம் ஆனது. இருபது நிமிடம் ஆனது. பெட்டி பூஜ்யம் காட்டியது.

"நூற்றைம்பது மில்லியாவது வந்தால்தான் அளவு செல்லும்," என்றார் புள்ளியியலாளர். "அளவு செல்லாவிட்டால் அடைப்பு நிரூபணமாகாது. நிரூபணமாகாததால் இவருக்கு அடைப்பு இல்லை."

"ஐயா, அடைப்பு இருக்கறதாலதான் வரமாட்டேங்குது."

"வந்து காட்டுங்க, ஒத்துக்கறேன்."

"என் அடிவயித்தைத் தொட்டுப் பாருங்க சார், கல்லு மாதிரி இருக்கு!"

"கல் வேற துறை. ரெண்டாவது மாடி."

இயக்குநர் யோசித்தார். குறைவாக வருகிறது என்றால் குறைவாக ஊற்றப்பட்டிருக்கிறது என்று முடிவுசெய்தார். தூண் டிரைவரின் தலையைப் பின்னால் வளைத்து மூக்கைப் பிடித்தார். ஒருங்கிணைப்பாளர் வாயில் தண்ணீர் ஊற்றினார். இரண்டு லிட்டர் உள்ளே போனது. பூஜ்யம். டிரைவர் மண்டியிட்டார். கையெடுத்துக் கும்பிட்டார். பிறகு எழுந்து, யாரும் எதிர்பாராத வகையில், கழிப்பறைச் சாவி தொங்கிய தூணின் இடுப்பின்மேல் பாய்ந்தார்.

தடி அவர் முதுகில் இறங்கி, அவரைப் புனலின்மேல் தள்ளியது. அறையில் ஓர் ஓசை கேட்டது. இரண்டாவது ஓசை புனலிலிருந்து வந்தது.

ஏழு நொடிதான். நூற்றறுபது மில்லியோடு மறுபடியும் இறுகிவிட்டது.

"உச்ச வேகம் நொடிக்கு இருபத்தாறு," என்று படித்தார் புள்ளியியலாளர். "இருபது வயசுப் பையனுக்குக்கூட இவ்வளவு கிடையாது. பூரண ஆரோக்கியம். தகுதி இல்லை."

"ஐயா, உள்ள இன்னும் ஒரு குடம் நிக்குது ஐயா! மருந்தைக் குடுங்க. இல்ல, லெட்டரையாவது குடுங்க!"

"மருந்தா?" என்றார் ஒருங்கிணைப்பாளர், கொஞ்சம் சங்கடத்தோடு. "கம்பெனி அதைப் போன மாசமே கைவிட்டுட்டாங்க சார். எலிக்கெல்லாம் வால் விழுந்துடுச்சாம். ஆனா தொடக்க விழா அழைப்பிதழ் அச்சாகியிருந்துச்சு..."

இயக்குநர் இதைக் கேட்கவில்லை. தடியையும் பெட்டியிலிருந்த எண்ணையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தார். மாபெரும் கண்டுபிடிப்புகளுக்கு முன் மனிதர்கள் முகத்தில் தோன்றும் மந்தம் அவர் முகத்தில் தோன்றியது.

"மருந்து வந்துவிட்டது," என்றார் மெல்ல. "கருங்காலியில்."

அறநெறிக் குழு பக்கத்து அறையில் தேநீர் குடித்துக்கொண்டிருந்தது. தாழ்வாரத்திலேயே அவசரக் கூட்டம் கூடியது. குழுத் தலைவர் ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

"வலிக்குமா?"

"யாருக்கு?" என்றார் இயக்குநர்.

"நமக்கு."

"இல்லை."

"அனுமதி. ஆனா தடியை ஸ்பிரிட் போட்டுத் துடைக்கணும். விதின்னு ஒண்ணு இருக்கு."

புள்ளியியலாளர் மட்டும் ஒத்துக்கொள்ளவில்லை. அவர் நேர்மையான மனிதர். ஒப்பீடு இல்லாத அடி அறிவியல் ஆகாது, அது வெறும் காட்டுமிராண்டித்தனம் என்று வாதாடினார். எனவே நுரைப்பஞ்சில் ஒரு போலித் தடி செய்து கறுப்பு மை பூசப்பட்டது. அடிப்பவருக்கும் எது அசல் என்று தெரியக்கூடாது, வாங்குபவருக்கும் தெரியக்கூடாது. ஆகவே இருவருடைய கண்களும் கட்டப்பட்டன. தூணின் கையில் தடியை உணராதபடி தடிமனான கையுறை மாட்டப்பட்டது.

"கண்ணு தெரியாம எங்க சார் அடிக்கிறது?" என்றார் தூண்.

"நோயாளி எப்படியும் கத்துவார்," என்றார் இயக்குநர். "சத்தம் வருகிற திசையில் அடி. நெறிமுறை முடியும்வரை நிறுத்தாதே. நான் சொன்னாலும் நிறுத்தாதே. ஆய்வில் யாருடைய தலையீடும் இருக்கக்கூடாது."

ஐம்பத்தொன்பது பரிந்துரைக் கடிதக்காரர்கள் கூடத்தில் காத்திருந்தார்கள். இந்தச் செய்தி போனதும் அவர்கள் அத்தனை பேரும் ஜன்னல் வழியாகக் குதித்தார்கள். அவர்களில் யாருக்கும் எந்த அடைப்பும் இல்லை என்பதற்கு அந்த ஜன்னலோரச் சுவரே ஈரமான சாட்சி.

"தொடங்கலாம்," என்றார் ஒருங்கிணைப்பாளர்.

தடி அவர் தோளில் இறங்கியது. கையிலிருந்த காகிதங்கள் சிதறின. அசல் தடிதான் என்பது அப்போது ஒருவருக்குத் தெரிந்துவிட்டது.

டிரைவர் உதட்டைக் கடித்துக்கொண்டு சுவரோரம் ஒண்டினார். டிரைவிங் சீட்டில் இருபத்தாறு வருடம் பயணிகளின் வசவுக்குப் பதில் சொல்லாமல் உட்கார்ந்து பழகியவர். அந்தப் பழக்கம் அன்று உயிரைக் காத்தது.

"முதல் வீச்சு செல்லாது, குறித்துக்கொள்ளுங்கள்," என்றார் புள்ளியியலாளர். அவருடைய முன்பற்கள் இரண்டு குடுவைக்குள் போய் விழுந்தன. அறநெறிக் குழுத் தலைவர் கதவைத் திறந்து, "என்ன சத்தம் இங்கே?" என்று கேட்டார். அதற்குப் பிறகு பல வாரங்கள் அவர் எதுவும் கேட்கவில்லை, இடது காதால்.

"கடமை தவறாத காவலரே!" என்று இயக்குநர் மேசைக்குப் பின்னாலிருந்து ஆரம்பித்தார். மௌனமாக இருந்தால் பிழைத்திருப்பார். ஆனால் அவருக்கு அந்தப் பயிற்சி இல்லை. "உமது ஈடுபாட்டை இந்தக் கழகம் என்றென்றும்..."

முதல் அடியில் மேசை உடைந்தது. இரண்டாவது அடியில் இயக்குநர் மேடைத் தமிழை விட்டார். "டேய், நான்டா! நான்தான்டா!" தூண் நெறிமுறையை மீறவில்லை. இயக்குநர் தவழ்ந்தார், உருண்டார், கடைசியில் வெள்ளிப் புனலைக் கட்டிக்கொண்டு அதன்மேலேயே சரிந்தார். பெட்டியில் எண்கள் ஓடத் தொடங்கின.

"இருபத்தொன்பது," என்றார் பல் போன புள்ளியியலாளர், தரையில் கிடந்தபடி. கடமை கடமைதான். உடனே அவருக்கு இன்னொன்று விழுந்தது.

திரும்புகையில் வீசிய தடி, எதுவும் பேசாத டிரைவரின் இடது முன்கையில் பட்டது. எலும்பு முறிந்தது. அதற்குமேல் அவரால் வாயை மூடியிருக்க முடியவில்லை.

அந்த அலறல் வாசல்வரை கேட்டது. மனைவி, தகர மூலை வைத்த ஒப்புதல் படிவத்தோடு உள்ளே ஓடிவந்தார். கண்கட்டோடு தடியை ஓங்கி நின்ற தூணைப் பார்த்தார். தொண்ணூற்று நான்கு பக்கத்தையும் இரண்டு கையாலும் தூக்கி அவர் உச்சந்தலையில் இறக்கினார். தூண் சாய்ந்தது. அந்த ஆவணத்தின் முழு கனமும் ஒரு மனிதருக்கு விளங்கியது அதுவே முதல் தடவை.

"ஏங்க, வந்துதா?" என்றார் மனைவி, மூச்சிரைக்க.

"கை ஒடைஞ்சிருச்சு."

"அது கெடக்கட்டும். வந்துதா?"

"இல்ல."

எதிர்ச்சாரியில் ஒரு சின்ன எலும்பு மருத்துவமனை இருந்தது. மனைவி அவரை அங்கே இழுத்துக்கொண்டு போனார். ஒரு நர்ஸ் கையைப் பார்த்தார். பிறகு அவர் நின்ற விதத்தைப் பார்த்தார்.

"அண்ணே, கடைசியா எப்ப ஒண்ணுக்குப் போனீங்க?"

டிரைவர் அழ ஆரம்பித்தார். இத்தனை வாரத்தில் அதை அளவுக்காக இல்லாமல் கேட்ட முதல் ஆள் அவர்தான். நர்ஸ் திரையை இழுத்தார். குழாய் போட்டார். நான்கு நிமிடம் ஆனது. பை நிரம்பி, மாற்றுப் பையும் முக்கால்வாசி நிரம்பியது.

"மாத்திரை ஏதும் போடலையா?"

"போட்டேன் சிஸ்டர். நிறுத்தச் சொல்லிட்டாங்க. அதுவும் பாதிதான் கேட்டுச்சு."

"எப்படிப் போட்டீங்க?"

டிரைவர் மனைவியைப் பார்த்தார். மனைவி கூரையைப் பார்த்தார்.

"சூடுன்னு... அரை அரையா வெட்டி..."

"ஏன்க்கா, பஸ்ஸுக்கு அரை டயரா மாட்டுவீங்க? டாக்டர்கிட்ட சொல்றேன். முழுசா போடுங்க."

மாவுக்கட்டோடு டிரைவர் டிப்போவுக்குப் போனபோது மேனேஜர் எழுந்தே நின்றார். எலும்பு மருத்துவமனையின் லெட்டரைப் படிக்கக்கூட இல்லை.

"இது நோய்! கண்ணுக்குத் தெரியுது பாரு. மொதல்லயே இப்படி வந்திருக்கக் கூடாதா? ஆறு வாரம் லீவு, அப்பறம் உன் வண்டி உனக்குத்தான்."

அதே மாதம் ஒரு மாபெரும் அரங்கில், கழுத்துப் பட்டையோடு சக்கர நாற்காலியில் வந்த இயக்குநர், கருங்காலிச் சிகிச்சையின் முடிவுகளை உலகுக்கு அறிவித்தார். பங்கேற்றவர்களின் உச்ச வேகம் இருபத்தொன்பது. நுரைப்பஞ்சுத் தடியின் வேகம் பூஜ்யம், ஏனென்றால் அதை உபயோகிக்கவே இல்லை. பக்க விளைவுகள் நோயாளிகளைவிட ஊழியர்களுக்கே அதிகம் என்பதால் சிகிச்சை முற்றிலும் பாதுகாப்பானது. ஒரே ஒரு தன்னார்வலர் நடுவில் விலகிவிட்டார், காரணம் தெரியவில்லை. இறந்ததாக யாரும் போன் செய்யவில்லை. அரங்கம் எழுந்து நின்று கைதட்டியது. முதலில் எழாமல் உட்கார்ந்திருந்தவர்களும், தூண் தடியோடு நிற்பதைப் பார்த்து எழுந்துவிட்டார்கள்.

ஏழாவது வாரம் கட்டைப் பிரித்தார்கள். மறுநாள் அதிகாலை முதல் நடைக்கு முன் டிரைவர் டிப்போ கழிப்பறைக்குள் போனார். போயிற்று. யாரும் அளக்கவில்லை.